குரலில் இருந்த நடுக்கம்

மைக்செட்டும் ஆம்ப்ளிபயரும் பழுது பார்க்கிற என் சங்கரன்கோவில் கடைக்குப் போன வருடம் கடையநல்லூரிலிருந்து ஒருவர் பழைய புரொஜெக்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பிலிம் சுருள். நெசவாளர் சங்கத்தைப் பற்றி எப்போதோ எடுத்த படம். அதில் அவருடைய வாப்பா கொஞ்ச நேரம் பேசுகிறாராம். படம் எடுத்த கையோடு வாப்பா சவுதிக்குப் போய்விட்டார். திரும்பவில்லை, மவுத்தானதும் அடக்கியதும் அங்கேயே. பிறகு சங்கத்தில் இதே மெஷினில் அந்தப் படத்தைப் போட்டபோது இவர் சின்னப் பையன்.

"வாப்பா அழுதுக்கிட்டே பேசுவாக அண்ணாச்சி. எங்கள விட்டுட்டுப் போக மனசில்லாம. அது ஒண்ணுதான் எனக்கு ஞாபகம்."

அவர் போனபின் ஓட்டிப் பார்த்தேன். தறி முன்னால் நின்ற இளைஞர், "பிள்ளையள நல்லா படிக்க வைக்கணும்" என்றார். குரல் விம்மி விம்மி வந்தது. எனக்கு முதுகு சில்லிட்டது. ஆனால் பின்னால் கேட்ட தறிச் சத்தமும் அதே மாதிரி விம்மியது.

படம் தெரியப் பிலிம் நின்று நின்று நகர வேண்டும். ஒலிக்கோ, அதே பிலிம் உருளைமேல் இறுக்கமாகப் படிந்து சீராக ஓட வேண்டும். அதை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது; அதனால்தான் எல்லாச் சத்தமும் விம்மியது. புதிது மாட்டினேன்.

எடுத்துப்போக வந்த அன்று உம்மாவையும் கூட்டி வந்திருந்தார். போட்டுக் காட்டினேன். குரல் நடுங்கவில்லை. திடமாக, லேசான சிரிப்போடு வந்தது.

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவுகதான். பக்கத்துல நின்னு பேசுதாப்ல இருக்கு."

மகன் என்னைப் பார்த்தார். "அழுகையக் காணோமே?"

ஸ்பிரிங்கைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப வாப்பா அழவே இல்லயா?"

"அவுக எதுக்கு அழணும்?" என்றார் உம்மா. "போறதுக்கு அம்புட்டு சந்தோசமா இருந்தாக. நான்தான் அழுதேன்."

உம்மாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் திரும்பி வந்தார். "பழைய ஸ்பிரிங்கப் போட்டு ஒரு தடவ ஓட்டுவீயளா?"

ஓட்டினேன். எனக்கு முதுகைக் காட்டி நின்று போனில் பதிவு செய்துகொண்டார். முடிந்ததும், "புதுசையே மாட்டிருங்க. உம்மாவுக்கு அதுதான் வேணும்" என்றார்.

அவர்கள் போன பின்பும் கடைக்குள் இரண்டு ஆட்கள் நிற்பதுபோலவே இருந்தது, ஒருவர் அழுதுகொண்டும் ஒருவர் சிரித்துக்கொண்டும். எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.