நான்கு சட்டைகளுடன் சேத்துப்பட்டுக்கு

காலை 7.10-க்கு ஆரணி பஸ் நிலையத்தில் சேத்துப்பட்டு பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். தூரம் முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் கிளம்ப எனக்கு நான்கு வருஷம் ஆனது.

என் மகள் திவ்யா ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அவள் புருஷன் கார்த்தி அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர். அவர் மனைவி என்ற முறையில் இவளும் அதே அனுமதிக்கு மனுப் போட்டிருக்கிறாள். இருவரும் இங்கே பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எங்கள் தெருவில் அதை யாரும் ஏற்கவில்லை. நானும் போகவில்லை. கூடாது என்று நான் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை.

போன வாரம் தாயிடம் பேசிக்கொண்டிருந்தவள் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அப்பா, நெசமான கல்யாணம்தானான்னு இன்னும் ஆதாரம் கேக்குறாங்க. கல்யாண போட்டோல நம்ம பக்கம் ஒருத்தர்கூட இல்ல. நீ அவங்க வூட்டுக்குப் போயிட்டு வா. ரெண்டு வூடும் பேசிகினு இருக்குதுன்னு கையால எழுதிக் குடு. இருபத்தெட்டு நாள்தான் டைமு."

"எழுதலைன்னா?"

"திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்குதுப்பா."

அதனால் இன்று தறிக்கு லீவு. பழம், பூ, வெற்றிலை பாக்குடன் இஸ்திரி போட்ட மூன்று சட்டைகளையும் என் மனைவி பையில் வைத்தாள். நான் போட்டிருந்தது நான்காவது. "ஒண்ணொண்ணா மாத்தி போட்டோ எடுத்துக்க. நாலு தபா போனாப்புல இருக்கும்" என்றாள். வழி நெடுக அந்தப் பை என் மடியில் இருந்தது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் நான் அதிகம் வெளியே பார்க்கவில்லை.

8.20-க்குச் சேத்துப்பட்டு. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோவில் போக வேண்டும், இருபது ரூபாய். டிரைவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஊருக்குள்ளயா, காலனியாங்க?"

"காலனி."

"யாரு வூடு?"

"ஏழுமலை. களம்பூர் ரைஸ் மில்லுல வேலை பார்த்தாரே."

"ஓ, பையன் ஆஸ்திரேலியாவுல கீறானே, அவரா? நீங்க இன்னா வேணும் அவருக்கு?"

ஆட்டோவில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். "சம்பந்தி" என்றேன். நான்கு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுவே முதல்முறை. டிரைவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

மணி ஒன்பது. தளம் போட்ட வீடு, முன்னால் ஒரு வேப்பமரம். ஏழுமலை கைகூப்பி "வாங்க" என்றார். அவரும் என்னைப் போலவே அதிகம் பேசாதவர். அவர் மனைவி கன்னியம்மா அப்படியில்லை.

"நாலு வருஷமா ஆரணிலேர்ந்து பஸ்ஸு வுடலீங்களா?"

நான் பழம், பூ, வெற்றிலை பாக்கை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் என் முன்னால் மூடி திறக்காத கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்றை வைத்தார். கடையில் வாங்கியது. நான் அவர்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று நினைத்து வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

"தண்ணி இருந்தா குடுங்க" என்றேன்.

கன்னியம்மா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தார். முழுதும் குடித்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் போட்டோ எடுக்க வந்தாள். மூவரும் சுவரோரம் நின்று ஒரு படம் எடுத்தோம். பிறகு நான் தயங்கித் தயங்கிச் சட்டை விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னியம்மா சுவரைக் காட்டினார். எங்கள் தலைக்கு மேலே தினசரி காலண்டர் தொங்கியது.

"சட்டைய மாத்துவீங்க. தேதிய இன்னா பண்றது? அதையும் நாலு தபா கிழிக்கட்டுமா?"

"எங்க வூட்டுல சொன்னாங்க" என்றேன்.

"நெசமா ஒரு தபா வந்தீங்க. ஒரு போட்டோ போதும்" என்றார் ஏழுமலை.

மதியம் சோறு, கருவாட்டுக் குழம்பு, ரசம். இரண்டாவது முறை வேண்டுமா என்று கன்னியம்மா கேட்கவில்லை, போட்டார். சாப்பிட்டேன். கிளம்பும்போது பையிலிருந்த மூன்று சட்டைகளையும் அவர் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

"இங்கியே கெடக்கட்டும். அடுத்த தபா வரும்போது தூக்கினு வர வேணாம்."

2.30. ஏழுமலையின் மொபெட்டில் சேத்துப்பட்டு திரும்பி, கடிதம் எழுதி முத்திரை வாங்க நோட்டரி வக்கீல் அறைக்குப் போனோம். நான் ஐந்தாவது வரை படித்தவன், எழுத நேரமாகும். அங்கிருந்த குமாஸ்தா அவசரப்பட்டார். "மாசம் ஒரு தபா போயி வரேன்னு எழுதுங்க. ஸ்ட்ராங்கா இருக்கும்."

பேனா நின்றுவிட்டது. உள்ளதை எழுதினால் மகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். இல்லாததை எழுதலாமென்றால், அந்தக் காலண்டரும் தண்ணீர்ச் சொம்பும் கண்முன் வந்தன. பக்கத்தில் ஏழுமலை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்படி எழுதினாலும் தடுத்திருக்கமாட்டார்.

இப்படி எழுதினேன்: "திவ்யா என் மகள். கார்த்தி என் மருமகன். அவர்கள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, அது என் தப்பு. என் மருமகன் வீட்டுக்கு இன்றுதான் முதன்முதலாகப் போனேன். அங்கே சாப்பிட்டேன். மறுபடியும் போவேன்."

குமாஸ்தா படித்துப் பார்த்தார். "இது போதுமாங்க?"

"நடந்தது அவ்ளோதான்" என்றார் ஏழுமலை. வக்கீல் முத்திரை போட்டார்.

5.15-க்கு ஆரணி வந்து இறங்கினேன். வெறும் பையைப் பார்த்து என் மனைவி "சட்டைங்க எங்க?" என்று கேட்டாள். "சம்பந்தி வூட்டுல" என்றேன். எங்கள் வாசலில் அந்த வார்த்தையைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். எதிர் வீட்டில் தறி ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

அந்தக் கடிதத்தைத் திவ்யா ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பிவிட்டாள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம். பயம் போகவில்லை. இதற்குள் நானும் என் மனைவியும் இரண்டு முறை சேத்துப்பட்டு போய் வந்துவிட்டோம். யாரும் போட்டோ எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அங்கிருந்த ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர்கள் அலமாரியில் இன்னும் ஒரு நீலச் சட்டை இருக்கிறது.