அக்கரை ஆரத்தி

ஓட்டுக் கேட்டு எவன் வந்தாலும் முத்துராணிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் புளியங்கரையில் ஆரத்தித் தட்டை முதலில் தூக்குகிறவள் அவள்தான். நடவுக்குப் பெண்களைக் கூட்டிப் போகிறவள். அவள் ஒரு சத்தம் கொடுத்தால் தெருவே வந்து நிற்கும். எந்தக் கட்சிக்காரனானாலும் பொட்டு வைத்த கையோடு கேட்பாள்: "வாய்க்கால்ல பாலம் எப்ப வரும்?"

சங்கதி இதுதான். வீடுகள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், சுடுகாடு அந்தப் பக்கம். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்க வேண்டும். தேர்தலோ சித்திரை வெயிலில் வந்து தொலையும். அப்போது வாய்க்காலில் ஆடு மேயும். வேட்பாளர் செருப்புக்காலோடு அக்கரைக்கு நடந்து போய்த் திரும்பி, "இதுக்கா பாலம்? ஜெயிச்சதும் போட்டுருவோம்" என்பார்.

முதலில் ஜெயித்தவர் ஐந்து வருஷமும் எட்டிப் பார்க்கவில்லை. அவரைத் தோற்கடித்தவர் அளந்துவிட்டுப் போனார். அதோடு சரி. பிறகு தொகுதி மறுசீரமைப்பு என்று ஒன்று வந்தது. எந்த மகராசன் கோடு போட்டானோ, வாய்க்காலே எல்லையாகிவிட்டது. வீடுகள் ஒரு தொகுதி, சுடுகாடு பக்கத்துத் தொகுதி. இந்தத் தொகுதி எம்.எல்.ஏ. அவரைக் காட்டுவார், அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. இவரைக் காட்டுவார். தப்பிக்க நல்ல வசதி!

முத்துராணியின் புருஷன் பலவேசத்துக்குக் கட்சிதான் உயிர். மீசை முளைத்த நாளிலிருந்து பூத் ஏஜெண்ட். அவன் அண்ணன் பிணம் பாடையிலிருந்து நழுவி வாய்க்காலோடு போனபோது, பின்னாலேயே நீந்திப் போய்ப் பிடித்து வந்தவன் அவன். அப்போதும் கட்சியை ஒரு சொல் சொல்லவில்லை. இப்போது கிட்னி போய்க் கட்டிலில் கிடக்கிறான். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"என்னையத் தண்ணியில விட்டுராத, ராணி. எம்மேல கட்சிக் கொடியப் போத்தணும்." தினமும் இதே பேச்சு. கொடியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான்.

"கொடி போத்துததுக்கு நானிருக்கேன். பாலம் போட ஒங்க கட்சியில எவன் இருக்கான்?" என்று அவள் சீறுவாள்.

அந்த ஐப்பசியில் எம்.எல்.ஏ. திடீரென்று மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இடைத்தேர்தல் வந்தது. வாய்க்கால் கரை தொட்டு ஓடும்போது இந்த ஊருக்குத் தேர்தல் வந்தது அதுதான் முதல் தடவை. இதை விடுவாளா அவள்?

பலவேசத்தின் கட்சி வேட்பாளர் வருகிற அன்று, பெண்களோடு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஆரத்தித் தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அக்கரையில் ஏறி வரிசையாக நின்றார்கள். இக்கரையில் வேன் வந்து நின்றது. வேட்டி கசங்காமல் இறங்கிய வேட்பாளர் எதிர்க்கரையைப் பார்த்துத் திகைத்தார்.

"இங்கன வாங்கம்மா!"

"நாங்க வந்த வழியாத்தான நீங்களும் வரணும்? பைய இறங்குங்க, பொட்டு வைக்கணும்லா!"

ஒன்றியச் செயலாளர் இசக்கிராஜா வேட்பாளரின் காதில் சொன்னது, வேட்பாளர் சட்டையில் மாட்டியிருந்த மைக் வழியாக ஊருக்கே கேட்டது: "அண்ணாச்சி, இறங்காதிய. அக்கரை நம்ம தொகுதி இல்ல. அங்கன நமக்கு ஒரு ஓட்டு கூடக் கிடையாது."

முத்துராணி தட்டோடு கரை விளிம்புக்கே வந்துவிட்டாள்.

"எம்புருசன் ஒங்க பூத் ஏஜெண்ட்டு வே! உசுரோட கெடக்கது ஒங்க தொகுதி. நாளைக்கு நாங்க தூக்கிட்டு வரப்போறது இந்தத் தொகுதி. நடுவுல ஓடுத தண்ணி எவன் தொகுதி? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க!"

வேட்பாளர் கும்பிட்டார். மைக்கைக் கழற்றினார். வேன் திரும்பியது. அவள் ஆரத்தியை வாய்க்காலில் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.

சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்தபோது பலவேசம் விழித்துத்தான் கிடந்தான். மைக்கில் வந்தது அவனுக்கும் கேட்டிருந்தது.

"இறங்குனாரா?"

"இல்ல."

மெல்ல ஒருக்களித்துப் படுத்தான். பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டுக் கொடியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"காலத் தொடச்சிக்க, ராணி. வழுக்கிரப் போவுது."