கண்ணைக் கட்டிக்கொண்ட எலக்ட்ரீஷியன்

காலை பத்தேகால். ஜீவனஹள்ளிப் பட்டறையில் நான் முதலில் பார்த்தது, காதில் டெஸ்டர் செருகிய எலக்ட்ரீஷியனை. கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினின் பின்னால் துழாவிக்கொண்டிருந்தார். பழைய மெஷினைக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றும் வேலை. மெஷினின் நகரும் மேஜைக்கு ஒன்று, கட்டரோடு கீழிறங்கும் ஹெட்டுக்கு ஒன்று என இரண்டு சென்சார்கள். எல்லை வந்ததும் அவைதான் அந்தந்தப் பகுதியை நிறுத்தவேண்டும்.

"என்னய்யா, கண்ணாமூச்சியா? ரெண்டு வயருக்கும் ஒரே மாதிரி கனெக்டர் போடு, ஸ்பேர் வாங்க ஈஸி" என்றார் முதலாளி.

"பின்னாடி ஒண்ணும் தெரியாது சார், கைதான் பாக்கணும். நீங்களே சொருகுங்க" என்று கைக்குட்டையை அவிழ்த்து நீட்டினார்.

முதலாளி சிரித்தபடியே கண்ணைக் கட்டி, ஒரே அளவில் இருந்த இரண்டு கனெக்டர்களையும் சொருகினார். இரண்டும் இடம் மாறியிருந்தன.

"இப்போ ஓட்டினா ஹெட்டு நிக்காது சார். மெஷின்ல யார் நிப்பாங்க?"

"என் தம்பி."

மறுநாள் கனெக்டர்கள் வெவ்வேறு அளவில் இருந்தன. கைக்குட்டை, அவற்றைச் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் கண்ணில் இருந்தது.