புளி போட்டுத் துலக்கிய தகடு

தாமல் ஏரி பின்னால் போய்விட்டது. நான் காஞ்சிபுரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஸ்பேனர் பை. விரல்களில் கிரீஸ் வாசனைக்கு மேல் புளி வாசனை. வழியில் ஒரு குழாயடியில் கழுவிப் பார்த்தேன். கிரீஸ் கொஞ்சம் போனது, புளி போகவில்லை. என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்த பஸ்கள், நான் கை காட்டாததால் போய்க்கொண்டே இருந்தன. ஒரு இடத்தை விட்டுக் கிளம்பினால் முதலில் கொஞ்ச தூரம் நடந்துவிடுவது என் வழக்கம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டபோதும் அப்படித்தான் நடந்தேன்.

விட்டு வந்த இடம் நெடுஞ்சாலை ஓரத்துக் கல்யாண மண்டபம் ஒன்று. பட்டு ஜவுளிக்கடை முதலாளி ஒருவருடையது. பின்பக்கம் பெரிய புல்தரை, வரவேற்பெல்லாம் அங்கேதான். அந்தப் புல்லை வெட்ட ஒரு பழைய சீமை மிஷின் இருந்தது. மூடிப்போன ஏதோ ஆலையின் விளையாட்டு மைதானத்திலிருந்து முதலாளியின் அப்பா ஏலத்தில் எடுத்ததாம். முன்னால் உருளையைச் சுற்றி வளைந்த கத்திகள், நடுவில் பெட்ரோல் எஞ்சின், பின்னால் கனத்த இரும்பு ரோலர். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். இப்போது விற்கும் மிஷின்கள் புல்லைப் பிய்த்துப் போடும். இது கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும்.

தோட்டக்காரர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். தாமல்காரர். அவருடைய அப்பா வரைக்கும் பிறத்தியார் வயலில்தான் வேலை. இவர்தான் முதலில் மண்வெட்டியை விட்டு மிஷினைப் பிடித்தவர். ஜெனரேட்டர் ஷெட்டை ஒட்டிய அறையில் அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். சொந்தமாக வேறு வீடு இல்லை. பெங்களூரில் குதிரைப் பந்தய மைதானத்தில் புல் வெட்டும் மிஷின்களுக்கு எடுபிடியாக இருந்தேன் என்று நான் டீக்கடையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, என் கிளாஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"டீய குடிக்க வுடு நைனா" என்றேன்.

"அங்க என் வூட்டுக்காரி போட்டுக் குடுப்பா. வா."

மிஷினில் உருளையைச் சுழற்றும் பினியனின் பற்கள் போயிருந்தன. கை அகலத்துக்கும் குறைவான சின்னப் பல்சக்கரம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் புல் வளர்ந்தாலும் கேட்பாரில்லை. ஆனால் மண்டப மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தை முதல் முகூர்த்தத்துக்குள் மிஷின் ஓட வேண்டும். இல்லையென்றால் தோட்ட வேலை கான்ட்ராக்டுக்குப் போகும். அவர்கள் தங்கள் மிஷினோடும் ஆட்களோடும் வருவார்கள். அந்த மிஷின்களை வைக்க அறை வேண்டும். எந்த அறை என்று மேனேஜர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

பினியன் எங்கும் கிடைக்கவில்லை. சென்னையில் தெரிந்த பழைய உதிரி பாகக் கடைகளுக்குப் போன் போட்டேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், மிஷினையே அனுப்பு, இரும்பு விலைக்கு எடுத்துக்கறேன் என்றார். கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரும் வைத்திருந்தார்கள். எனக்கு ஆங்கில எழுத்து தெரியும், வாக்கியம் தெரியாது. கடையில் இருந்த பெண் தேடித் தேடி, வெளிநாட்டில் பழைய புல்வெட்டிகளைச் சேர்க்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, நான் சொன்னதை எழுதி அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்தது. கூடவே ஒரு படம். தொப்பி போட்ட கிழவர், அவரைச் சுற்றிலும் மிஷின்கள்.

"அண்ணா, இந்தத் தாத்தா வூட்ல படுக்க எடம் இருக்குமா? நம்ம பிள்ளையார்பாளையத்துல ஒரு தெருவுல இருக்கற தறியவிட இவர்கிட்ட மிஷின் அதிகம் இருக்கும்போல" என்றாள். பிறகு படித்துச் சொன்னாள். இந்த மாடலில் மூன்று வகை பினியன் உண்டாம். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. எது என்று தெரிய மிஷினின் எண் வேண்டும். இடது பக்கம் ஒரு பித்தளைத் தகடு இருக்கும், அதில் எண் வெட்டியிருக்கும். அதை அனுப்பினால் அதற்குரிய மேனுவலைச் சும்மாவே அனுப்புகிறேன், பினியனும் என்னிடம் இருக்கலாம் என்று எழுதியிருந்தாராம்.

அன்றைக்கு மண்டபத்துக்குப் பஸ்ஸில் போனேன். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

"தகடா? இருக்குதே" என்று தோட்டக்காரர் சாக்கை விலக்கினார். சந்தனப் பொட்டு காய்ந்த எஞ்சினுக்குக் கீழே அது மின்னியது. என் முகம் அதில் தெரிந்தது. மேலே கம்பெனிப் பெயர் மட்டும் நிழல் மாதிரி இருந்தது. கீழே, எண் இருக்க வேண்டிய இடம், தாம்பாளத்தின் அடி போல வழவழவென்று இருந்தது.

"எத்தினி வருசமா இத நீதான் பாத்துக்கற?"

"எம் பொண்ணு பொறந்ததுலருந்து. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டு, செங்கத்தூள் போட்டுத் தேய்ப்பேன். வேற எவன் மிஷின்ல இப்டி மின்னும் சொல்லு?"

"எங்கூட்டு சாமி வெளக்க ஒருநாள் தேய்ச்சிருப்பாரா கேளு" என்றாள் அவர் மனைவி வாசலில் இருந்தபடி. "எல்லா புளியும் இதுக்குத்தான்."

"உன் கொழம்புல போடறதுக்கு இதுல போடறது மேல்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் தகட்டின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். ஒரு எட்டு மாதிரி ஏதோ தெரிந்தது. மூன்றாகவும் இருக்கலாம், கீறலாகவும் இருக்கலாம். போட்டோ எடுத்து, ஜெராக்ஸ் கடையிலிருந்து அனுப்பினோம். இவ்வளவு சுத்தமாக வைத்திருந்த மிஷினை நான் பார்த்ததில்லை, மன்னிக்கவும் என்று கிழவர் எழுதியிருந்தார். மூன்று வகைக்கும் மேனுவல் பக்கங்களை அனுப்பியிருந்தார். பினியனை மட்டும் எதை அனுப்புவது என்று அவருக்கும் தெரியவில்லை.

பக்கங்களை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். தறிக்கும் பட்டு நூல் முறுக்கும் மிஷினுக்கும் பாகம் செய்பவர். உடைந்த பினியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதி பல்லுதான் இருக்குது. அதுவும் தேஞ்சிருக்குது. மூணு படத்துல எதுன்னு நீ சொல்லு, நான் செய்யறேன்."

"தெரியல."

"அப்போ சாமி பேர சொல்லி ஒண்ணக் காட்டு."

நடுவில் இருந்ததைக் காட்டினேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொங்கல் கழிந்த மறுநாள் பினியனை மாட்டினேன். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தோட்டக்காரர்தான் ஓட்டினார். கத்தி உருண்டது, புல் சாரலாக முன்னால் மாட்டியிருந்த பெட்டியில் விழுந்தது. அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தார். தரையில் இரண்டு பச்சைப் பட்டைகள், ஒன்று வெளுப்பாக, ஒன்று கருப்பாக.

"பாத்தியா? தறியில பாவு இழுத்து வுட்ட கணக்கா இல்ல?" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது பட்டையின் பாதியில் கடகடவென்று ஒரு சத்தம். எஞ்சினை நிறுத்தக் கை போவதற்குள் பற்கள் ஒன்றில் ஒன்று ஏறி, அவற்றை மூடியிருந்த வார்ப்பிரும்புக் கூடு பிளந்தது. பினியன் போனால் இன்னொன்று செய்யலாம். கூடு போனால் மிஷின் போயிற்று. அதை நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது.

மேனேஜர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "வுடுபா, பழைய மிஷின்" என்றார். அறையைக் காலி செய்ய ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கொடுத்தார். மிஷினை எடுத்துப்போக வண்டி வரும் என்றார்.

நான் ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது தோட்டக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தகட்டுல நம்பர் இருந்துச்சு இல்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல நைனா. பல்லு சரியா அமையல."

"ஜெராக்ஸ் கடைலருந்து வந்து நீ முதல்ல அதத்தான பாத்த? சும்மாவா பாத்த?"

துடைத்த ஸ்பேனரையே நான் திரும்பத் துடைத்தேன். எழுந்து உள்ளே போனவர் ஒரு உருண்டை புளியோடு வந்தார். நனைத்து, தகட்டில் அப்பி, கட்டை விரலால் தேய்க்க ஆரம்பித்தார்.

"இன்னும் இன்னாத்துக்கு அது?" என்றாள் அவர் மனைவி. மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி வரப்போவுது. போறப்ப நல்லா போவட்டும்."

நான் புளியை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் முன்னைவிட மின்னியது. அவர்கள் எங்கே போவார்கள் என்று நான் கேட்கவில்லை. மகள் வீட்டில் இடம் இல்லை என்று முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்றிரவு காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் படுத்தேன். காலையில் டீ குடிக்கும்போது, ஒரு காயலான் கடையில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரம்மா ஒரு உளியும் சுத்தியலும் கொடுத்து, பழைய மோட்டார், பம்ப் செட் எல்லாம் குவிந்திருந்த மூலையைக் காட்டினாள். அவற்றிலிருந்து பித்தளைத் தகடுகளைப் பெயர்த்துத் தனியாகச் சாக்கில் போட வேண்டும். இரும்பு வேறு, பித்தளை வேறு.

முதல் மோட்டாரைப் புரட்டினேன். தகடு களிம்பேறிக் கறுத்திருந்தது. யாரும் ஒருநாளும் துடைத்ததில்லை. விரலால் தடவினால் எண் ஒவ்வொன்றும் முழுசாகத் தட்டுப்பட்டது.

"இன்னாபா, படிக்கறதுக்கா வந்த?" என்றாள் கடைக்காரம்மா. "தட்டு."

உளியை வைத்துத் தட்டினேன்.