இரண்டு கையாலும் சுட வேண்டிய துப்பாக்கி

என் மாமா, அம்மாவின் தம்பி, வேலைக்குப் போகாமல் எங்கள் வீட்டில் இருந்த ஏழெட்டு மாதங்கள் எனக்குப் பொற்காலம். ஓசூர் சிப்காட்டில், இரும்புத் தகடுகளை மெஷினில் அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். அங்கே அவருடைய கூட்டாளிக்குக் கையில் அடிபட்டதிலிருந்து போவதை நிறுத்திவிட்டார் என்பது வரை எனக்குத் தெரியும். மேற்கொண்டு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமா வீட்டோடு இருப்பது எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்?

மாமா யாருடனும் அதிகம் பேசமாட்டார். கம்ப்யூட்டர் கிளாசுக்கு மட்டும் போய்வந்தார். பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து, சுடுகிற விளையாட்டு ஒன்றைத் தானே எழுதினார். மேலிருந்து பூச்சிகள் இறங்கும். கீழே துப்பாக்கி தானாக இடமும் வலமும் நகரும். நாம் சுட வேண்டியதுதான் பாக்கி. பிரௌசிங் சென்டரில் நான் பார்த்த விளையாட்டுகளில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். மாமாவுடையதில் இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் குண்டு பாயும்.

“என்னாத்துக்கு மாமா ரெண்டு கை?” என்று கேட்டேன்.

“ரெண்டு கையும் பட்டன் மேலயே இருக்கட்டும் பாப்பா. வேற எங்கயும் போவக் கூடாது.”

நான் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து லேசாகச் சிரிப்பார். அம்மா சமையலறை வாசலில் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்த விளையாட்டில் அவர் எடுத்திருந்த எண்பது பாயின்டை எப்படியாவது தாண்டிவிட வேண்டும் என்பது என் வெறி. முறுக்கு தின்ன ஒரு கை வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. தீப்பெட்டி அட்டையைக் கிழித்து மடித்து, இடப்பக்கத்துப் பட்டனை அழுத்தியபடி இடுக்கில் சொருகினேன். ஒரு கையால் தின்றுகொண்டே நூற்றுப் பன்னிரண்டு எடுத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார். என் இடக்கையைப் பிடித்து இழுத்தார். முறுக்கு கீழே விழுந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“யாரு சொல்லிக்குடுத்தா?”

“யாருமில்ல, நானேதான். இப்படி வெச்சா சீக்கிரம் ஆவுதில்ல மாமா?”

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அம்மா ஓடிவந்து, என்ன ஏதென்று கேட்காமல் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

பிரஸ் மெஷினிலும் இரண்டு பட்டன்கள்தானாம். கை உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்கிவிடக் கூடாதென்று அப்படி ஏற்பாடு. வேகம் போதவில்லை என்று அந்த ஷாப்பில் எல்லோரும் ஒரு பட்டனில் மரச்சில்லைச் சொருகிவிடுவார்களாம். அடிபட்ட அன்றைக்குக் கூட்டாளி கேட்டதற்காகச் சில்லைச் செதுக்கிச் சொருகிக்கொடுத்தவர் மாமா. கூட்டாளிக்குப் போனது நான்கு விரல்கள். இதையெல்லாம் நான் பிளஸ் டூ முடித்த பிறகுதான் அம்மா சொன்னாள்.

அட்டையைப் பார்த்து அழுத அன்றிலிருந்து மாமா இரண்டு நாள் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை. அதன் பிறகு, ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு பட்டன்களையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால்தான் துப்பாக்கி சுட்டது. அட்டை, ஈர்க்குச்சி, ஹேர்பின் எதுவும் பலிக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் ஜெயிச்சிட்டேன்னுதானே மாத்துனீங்க?”

“ஆமா பாப்பா,” என்றார். “முன்னாடியே மாத்தியிருக்கணும்.”

மாமா தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.