எல்.சி. நம்பர் பதினாலும் ஒரு கட்டைவிரலும்

பிரேக்கரை ஏற்றியது என் கைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு நான் பலரைத் திட்டப் போகிறேன். தன்னை விட்டுவிட்டு ஊரைத் திட்டினான் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சப்ஸ்டேஷனில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், "வாட்ஸ்அப் குரூப்புன்னு சொன்னாலே ஏண்ணே எரிஞ்சி வுழறீங்க" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன்.

1. வாங்கினவன் வாய்

எங்கள் வேலையில் எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பத்தில் ஏறுவதற்கு முன் லைன்மேன் சப்ஸ்டேஷனுக்குப் போன் செய்து எல்.சி. கேட்பான். நான் பிரேக்கர் என்ற பெரிய ஸ்விட்சை இறக்கி, அந்தப் பக்கம் மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடரை நிறுத்தி, ரெஜிஸ்டரில் ஒரு நம்பர் போட்டு, அவன் பெயரை எழுதுவேன். அவன் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த லைனில் மின்சாரம் விடக் கூடாது. வாங்கினவன் வாய்தான் திருப்பித் தர வேண்டும். உதவிப் பொறியாளர் ஏ.இ. சொன்னாலும் செல்லாது, கலெக்டரே சொன்னாலும் செல்லாது.

நான் அதோடும் விடமாட்டேன். ஏறிய ஆள் எத்தனை, இறங்கிய ஆள் எத்தனை, தப்பித்தவறி மின்சாரம் வந்தால் தரைக்கு இழுத்துவிட லைனில் மாட்டிய எர்த் ராடு எத்தனை, எடுத்தது எத்தனை என்று கேட்பேன். மலை ஃபீடரைப் பார்த்துக்கொண்ட லைன்மேன் ஏழுமலை இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வான். "எல்.சி. குடுக்கச் சொன்னா, பொண்ணு குடுக்கற மாதிரி விசாரிக்கிறீங்களேண்ணே."

"உன் வூட்டுக்காரிக்கு நான்தாண்டா பதில் சொல்லணும்" என்பேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

2. குரூப் வந்தது

புதிதாக வந்த ஏ.இ. இளவயதுக்காரர், சுறுசுறுப்பானவர். வந்த வாரமே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார். நாங்கள், ஊராட்சித் தலைவர்கள், மில்காரர்கள், கடைக்காரர்கள், மலைமேல் இருப்பவர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தோம்.

நல்லதை மறைக்கக் கூடாது. முன்பெல்லாம் மலை ஃபீடர் பழுதாகி ட்ரிப் ஆனால், அதாவது தானாக நின்றுவிட்டால், நாலு பேர் காட்டுக்குள் கம்பம் கம்பமாக நடக்க வேண்டும். காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் பழுது கிடைக்கும். குரூப் வந்த பிறகு ஒரு மழை நாளில் மலைமேல் குக்கிராமத்திலிருந்து ஒரு பெண் படம் அனுப்பினாள். "அண்ணா, நூத்திப் பதினேழாம் நம்பர் போஸ்ட்ல பீங்கான் ஒடஞ்சி தொங்குது." கம்பத்து நம்பரையும் தனியாகப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். ஏழுமலை நேரே அங்கே போனான். இரண்டு மணி நேரத்தில் மலை முழுக்க விளக்கு எரிந்தது. அந்தப் பெண்ணின் புத்திசாலித்தனத்துக்கு நான் இன்றைக்கும் கை எடுத்துக் கும்பிடுவேன்.

அதே குரூப்பில்தான் மற்றதும் நடந்தது. விடிந்தால் ரோஜாப் படத்தோடு காலை வணக்கம். கரண்ட் போன அடுத்த நொடி "எப்ப வரும்", "எப்ப வரும்" என்று ஐம்பது பேர். ஒரு நாள் ஏழுமலையும் ஹெல்பர் கோவிந்தனும் புளியமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து சோறு தின்றார்கள். அதைப் படம் எடுத்து, "வேலை நேரத்துல விருந்து" என்று போட்டார் ஒரு ரைஸ் மில் ஓனர். மணி இரண்டரை. அதுவரை அவர்கள் நின்றிருந்தது அவர் மில்லுக்குப் போகும் லைனில். படத்துக்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். ஒருத்தனாவது மணியைப் பார்த்தானா?

ஏ.இ.க்கு அந்தப் படம் சுட்டுவிட்டது. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ராமலிங்கம், இனிமே எல்.சி. குடுக்கறது, ரிட்டர்ன் பண்றது எல்லாம் குரூப்லயே போடுங்க. நாம வேலை செய்யறோம்னு ஜனங்களும் பாக்கட்டும்."

"சார், குரல் கேக்கணும் சார். ஆளு எறங்கிட்டானான்னு எழுத்துல எப்படித் தெரியும்?"

"எந்தக் காலத்துல இருக்கீங்க? ஊரே மெசேஜ்லதான் ஓடிக்கினு இருக்குது."

நான் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம், எதற்கு வம்பு என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். என் கோழைத்தனம் அந்த இடத்தில் தொடங்கியது.

3. கட்டைவிரல்

காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த ஒரு காலை. அடிவாரத்தில் மலை ஃபீடர் மேல் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்துவிட்டது. ஏழுமலையும் கோவிந்தனும் போனார்கள். குரூப்பில் எல்.சி. கேட்டான். "எல்.சி. 14, கொடுத்தாச்சு" என்று போட்டேன். மனசு கேட்காமல் கீழே இன்னொரு வரியும் எழுதினேன். "ஜாக்கிரதையா ஏறு."

அதற்குப் பதில் இல்லை. அந்தப் பக்கம் டவர் வரும், போகும் என்பதால் நான் கவலைப்படவில்லை.

பதினோரு மணிக்கு, அதே ஃபீடரில் கரண்ட் வாங்கும் ரைஸ் மில் ஓனர் குரூப்பில் ஆரம்பித்தார். "நெல் ஊறிக்கினு கெடக்குது, யாருக்கும் அக்கறை இல்ல." அவருக்கு ஒத்து ஊத நாலு பேர். ஏ.இ. கேட்டார்: "மலை ஃபீடர் முடிஞ்சுதா?"

அந்தக் கேள்விக்கு நேர் கீழே ஏழுமலை நம்பரிலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

நான் அவனுக்குப் போன் போட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. போனை எடுக்காத லைன்மேன் கம்பத்தின்மேல் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாகத் தெரியும். அதற்குள் ஏ.இ. எழுதினார்: "விரல் வந்தாச்சே. ஏத்துங்க." கீழே மில் ஓனரின் கைதட்டல் பொம்மை.

ஏற்றினேன்.

கண் இமைக்கும் நேரம்கூட நிற்கவில்லை, பிரேக்கர் ட்ரிப் ஆகி விழுந்தது. அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று ஆபரேட்டருக்குத் தெரியும். லைனில் எர்த் ராடு இன்னும் மாட்டியிருக்கிறது. ராடு இருந்தால் ஆளும் இருக்கிறான்.

4. நாற்பது நொடி

எனக்குச் செய்தி சொல்லப் போன் வரவில்லை. வீடியோ வந்தது. அதே குரூப்பில்.

ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு யாரோ எடுத்தது. ஏழுமலை இடுப்பு பெல்ட்டில் தொங்குகிறான், தலை சாய்ந்திருக்கிறது. கீழே கோவிந்தன் அழுதுகொண்டே கத்துகிறான். "யாராவது வந்து ஏணிய புடிங்கண்ணே. தனியா முடியல." நாற்பது நொடி. எடுத்தவன் கை ஆடவே இல்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு போன்கள் உயர்ந்திருப்பதும் அதில் தெரிகிறது. ஏணியைப் பிடிக்க எத்தனை கை வேண்டும்? எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அந்த ஜாதி இவர்கள்.

வீடியோவுக்கு மேலே எழுதியிருந்தது: "லைன்மேன் பலி." அவன் அப்போது மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கீழே "ஆழ்ந்த இரங்கல்", கூப்பிய கைகள். மில் ஓனரும் கை கூப்பினார். இரண்டு நிமிஷம் கழித்து அவரே கேட்டார், கரண்ட் எப்போது வரும் என்று. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இப்போது பயமில்லாமல் சொல்கிறேன்: அந்த ஆளைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சப்ஸ்டேஷன் போன் அடித்தது. ஏழுமலையின் மனைவி அஞ்சலை. யாரோ அதற்குள் அவன் படத்துக்கு மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள்.

"அண்ணே, இன்னா இன்னாவோ வந்துகினு இருக்குது. உசுரோட இருக்காரா, இல்லியா? ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

எனக்குத் தெரியாதம்மா என்றுதான் சொல்ல முடிந்தது. விளையாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்த பதிலை அன்றைக்கு அவளுக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

அவனைக் கீழே இறக்கியது யார் தெரியுமா? பக்கத்து வயலில் மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏணியைப் பிடித்தார்கள். அவர்கள் பெயர் எந்த வீடியோவிலும் இல்லை.

5. ரெஜிஸ்டர்

கம்பத்துக்கு இரண்டு பக்கமும் ராடு மாட்டிவிட்டு ஏறியவன் என்பதால் உயிர் தப்பினான். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. பிழைத்துக்கொள்வான் என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அஞ்சலை அவன் கட்டிலின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

விசாரணை நடந்தது. "நான் ஏத்தச் சொல்லவே இல்லை" என்றார் ஏ.இ. குரூப்பில் தேடினால் அவருடைய வரி இருந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்றுதான் இருந்தது. அழிக்க வசதி இருக்கிறது, அழித்துவிட்டார். ரெஜிஸ்டரில் அந்த வசதி இல்லை. எல்.சி. பதினாலுக்கு நேரே ரிட்டர்ன் கட்டம் காலியாக இருந்தது. "திரும்பி வரவில்லை. நான் ஏற்றினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தண்டனை கொடுத்தார்கள், அது நியாயம். ஏ.இ.யை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கே போய்ச் சேர்ந்த வாரமே ஒரு குரூப் ஆரம்பித்தாராம்.

ஒரு வாரம் கழித்துத்தான் ஏழுமலையின் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு வந்தது. கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். "என்னை மன்னிச்சிடுடா. உன் விரலைப் பாத்துதான் ஏத்திட்டேன்" என்றேன்.

"அது ஏ.இ.க்குப் போட்டது இல்லண்ணே. ஜாக்கிரதையா ஏறுன்னு போட்டீங்களே, அதுக்கு. கீழ நின்னுகினு இருக்கும்போதே போட்டேன், டவர் இல்ல, போவல. போனு சட்டப் பாக்கெட்ல கெடந்துது. மேல ஏறனப்போ டவர் கெடச்சி போயிருக்குது."

அவன் கம்பத்தின்மேல் இருந்ததால்தான் அந்த விரல் எனக்கு வந்து சேர்ந்தது. ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்று எனக்குச் சொன்ன பதிலை வைத்து நான் அவன்மேல் மின்சாரத்தை விட்டேன். இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

6. கடைசி நாள்

பிள்ளைகளே, குரூப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடைந்த பீங்கானைப் படம் எடுத்து அனுப்பட்டும், கம்பத்து நம்பரைப் போடட்டும், புண்ணியமாகப் போகும். ஒரு ஆள் இறங்கிவிட்டானா என்பதை மட்டும் அவன் வாயால் கேளுங்கள். ஊரே கத்தினாலும், மேலதிகாரி கத்தினாலும் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். அடுத்து வந்த ஏ.இ.யிடம் இதைச் சண்டை போட்டுத்தான் மறுபடி கொண்டுவந்தேன். கண்ட்ரோல் ரூமுக்குள் என் செல்போன் அதன் பிறகு நுழையவில்லை.

ஏழுமலைக்கு இரண்டு விரல் மடங்காது. கம்பம் ஏற முடியாது. ஆட்களைக் கூட்டிப்போய்க் கீழே நின்று வேலை வாங்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். எல்.சி. அவன் பெயரில்தான்.

நான் ஓய்வு பெற்ற நாளன்று மதியம் சப்ஸ்டேஷன் போன் அடித்தது.

"அண்ணே, ஏழுமலை பேசறேன். எல்.சி. முப்பத்தொண்ணு. ஏறன ஆளு மூணு, எறங்கன ஆளு மூணு. மாட்டன ராடு ரெண்டு, எடுத்த ராடு ரெண்டு. திருப்பிக் குடுக்கறேன்."

தெளிவாகத்தான் கேட்டது. ஆனாலும், "இன்னொரு தரம் சொல்லுடா" என்றேன்.

அவன் கிண்டல் செய்யவில்லை. முதலிலிருந்து மறுபடியும் சொன்னான். ரெஜிஸ்டரில் எழுதிவிட்டுப் பிரேக்கரை ஏற்றினேன்.