பெயரில்லா மண்டபத்துக்கு நேர்ந்த முடி

அன்று நான் யாரிடம் வேண்டிக்கொண்டேன்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. வேண்டிக்கொண்டது நிச்சயம். கல்தூணில் இரண்டு கைகளையும் வைத்து வாய்விட்டுச் சொன்னேன். கேட்டது யார் என்பதுதான் தெரியவில்லை.

அப்போது என் கணவர் ரோட்டு வேலையில் ஓவர்சியராக இருந்தார். பதுளையிலிருந்து மொனராகலை வழியாகப் பொத்துவில் பக்கத்துக் கடற்கரைக்கு இறங்கும் வண்டிப் பாதையைச் செப்பனிடும் வேலை. மனைவிமாரும் பிள்ளைகளும் பதுளையிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். நான் இருக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், நாலு எழுத்துத் தெரிந்ததும் புருஷனைத் தனியே விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற நினைப்பு. நடக்கப் பழகிச் சில மாதங்களே ஆன என் மகளைத் தூக்கிக்கொண்டு மாட்டு வண்டியில் ஏறினேன். ஏறாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்காத நாள் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்குமோ என்றும் உடனே நினைத்துக்கொள்கிறேன்.

எங்களுக்குக் கிடைத்தது தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு மண்வீடு. அதற்கும் கடலுக்கும் நடுவே அந்தப் பழைய கட்டடம் கிடந்தது. கட்டடம் என்றால் கூரையில்லை, சுவருமில்லை. செங்கல் மேடை ஒன்று பாதி மணலுக்குள் புதைந்திருந்தது. அதன்மேல் வரிசையாகக் கல்தூண்கள். சில நேராக நின்றன, சில சாய்ந்திருந்தன, சில விழுந்து கிடந்தன. சுற்றிச் சுவரே இல்லாமல் கல்லால் ஆன வாசல்நிலை மட்டும் தனியே நின்றது. அந்த நிலையின் வழியாகப் பார்த்தால் கடல் தெரியும். படிக்கட்டின் அடியில் அரைவட்டமான ஒரு கல். அதில் யானை, குதிரை, மாடு என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போவதுபோல் செதுக்கியிருந்தார்கள்.

அது என்ன இடம் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் ஆளுக்கொன்று சொன்னார்கள். சிங்கள வண்டிக்காரர்கள் அது விகாரை என்று இறங்கி நின்று கும்பிட்டுப் போனார்கள். எங்கள் ரோட்டு வேலைக்காரர்கள் ஒரு தூணின் அடியில் மஞ்சள் பூசி, அம்மன் என்றார்கள். உப்பும் கருவாடும் ஏற்றிப் போகும் முஸ்லிம் வியாபாரிகள், அந்தக் காலத்தில் கப்பல் வந்தபோது சரக்கு வைத்த கிட்டங்கி அது என்று சொல்லிக்கொண்டே அதன் நிழலில் சோறு தின்றார்கள். கரையிலிருந்த மீன்காரர்களுக்கோ அது ஏதோ ஒரு ராசா கல்யாணம் செய்த மண்டபம். அவர்கள் தூணுக்குத் தூண் வலையைக் கட்டிக் காயப்போடுவார்கள். ஒருநாள் துரை ஒருவர் குதிரையில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது மிகவும் பழையது என்று மட்டும் சொல்லிப் போனாராம். அதை என் கணவர் சொன்னபோது நாங்கள் இருவரும் சிரித்தோம்.

போன ஒரு வருஷத்துக்குள் நன்றாகப் பேசப் பழகிவிட்ட என் மகளுக்கு அது விளையாடுகிற இடம். அரைவட்டக் கல்லில் இருந்த மிருகங்களுக்கெல்லாம் சிரட்டையில் மணல்சோறு வைப்பாள். துதிக்கை உடைந்த ஒரு யானையிடம் மட்டும், நீ சாப்பிடவே மாட்டேன் என்கிறாய் என்று கோபித்துக்கொள்வாள். நான் அவளை மிரட்டுவதற்கு எந்தக் குரலில் பேசுவேனோ அதே குரல். சாயந்தரம் காற்று மணலை அள்ளி வந்து கல்லை மூடிவிடும். அவள் ஈர்க்குமாற்றை இழுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுப்பாள்.

“ஆனைக்குக் கண்ணு எரியும்மா. தள்ளும்மா.”

தள்ளுவேன். காலையில் திரும்பவும் மூடியிருக்கும். சில நாள் சலிப்பாக, நாளைக்குத் தள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

குளிர்காய்ச்சல் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் வருவது. எனக்கும் வந்தது, அவருக்கும் வந்தது. அந்தக் காய்ச்சலுக்கான கொயினாத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து எழுந்துவிட்டோம். குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது என்று கேட்க அருகில் மருத்துவர் யாருமில்லை. அதிகமானால் ஆபத்து என்று பயந்து குறைத்தே கொடுத்தேன். குறைத்ததுதான் பிழையோ? வண்டி கட்டி மேலே பதுளைக்குக் கொண்டுபோவதற்குள் அவள் போய்விட்டாள்.

எங்கே வைப்பது என்று அவர்தான் முடிவு செய்தார். அரைவட்டக் கல்லின் பக்கத்தில், துதிக்கை உடைந்த யானை இருக்கும் ஓரமாக.

“இந்தக் கல்லு அசையாது. எத்தனை வருசம் கழிச்சு வந்தாலும் எடம் தெரியும்” என்றார்.

அப்போது என் வயிற்றில் அடுத்தது இருந்தது. பால் ஊற்றி முடித்த பிறகு எல்லாரும் விலகிப் போனார்கள். நான் மேடையில் ஏறி, நேராக நின்ற ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். இதையாவது என்னிடம் விட்டுவை, பிறந்த முடியில் கத்தி படாமல் வளர்த்து இங்கே கொண்டுவந்து இறக்குகிறேன் என்று சொன்னேன். முருகா என்றோ தாயே என்றோ சொல்ல வாய் வரவில்லை. அது விகாரையாக இருந்தால்? வெறும் கிட்டங்கியாக இருந்தால்? தவறான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், இருக்கிறவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது. அதனால் பெயரே சொல்லாமல் விட்டேன்.

கொஞ்ச நாளில் அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்தது. என் உடம்புக்குப் பயந்துதான் விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மகன் மலைக்குளிரில் பிறந்தான். காய்ச்சல் தெரியாமல் வளர்ந்தான். முடியும் வளர்ந்தது.

முதலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முடி தோளைத் தாண்டியதும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். எங்களோடு இருக்கிற என் நாத்தனார் நாக்கை அடக்கத் தெரியாதவர். “தம்பி, இவனுக்குப் பொண்ணு பாக்கவா, மாப்பிள்ளை பாக்கவா? இப்பவே சொல்லிரு” என்று என் கணவரிடம் கேட்பார். பங்களாத் துரைசாணி இவனைப் பெண் குழந்தை என்று நினைத்து ஒரு சிவப்பு ரிப்பன் கொடுத்தனுப்பினார். அவன் அதைக் கழற்ற மாட்டேன் என்று தூங்கும்போதும் கட்டியிருந்தான். எனக்கு அவனிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், இது அக்காவுக்குக் கொடுக்க வேண்டிய முடி என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து லயத்து வீடுகளில் இருக்கிற தொழிலாளர் பிள்ளைகள் முடியைப் பிடித்து இழுத்தால், “விடு, அக்காவோடது” என்று சண்டைக்குப் போவான். பார்க்காத அக்கா.

தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் கேட்டுப் பார்த்தேன். எந்தச் சாமிக்கு நேர்ந்தீர்கள் என்றார். தெரியாது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“பேரு தெரியாத சாமிக்கு நான் எப்படிம்மா சூடம் காட்டுறது? நேந்த எடத்துக்கே போயிருங்க.”

போவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் எப்போது போவது? மழைக்காலத்தில் கீழே ஆறுகள் பெருகி வண்டி கடக்காது. மழை விட்டால் காய்ச்சல் தொடங்கிவிடும். ஒன்றைக் கொண்டுபோன அதே இடத்துக்கு மற்றதை நானே தூக்கிக்கொண்டு போவதா? போகாவிட்டால், சொன்ன சொல்லை மறந்தாள் என்று இவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? இவன் லேசாக இருமினாலும் நேர்த்திக்கடன் ஞாபகம் வந்துவிடும். கணவரிடம் பேச்செடுத்தால், ஒன்றை அங்கே வைத்துவிட்டு வந்தது போதும் என்று எழுந்து போய்விடுவார். பொங்கல் கழியட்டும், கொழுந்து குறையட்டும் என்று வருஷங்கள் போயின.

இந்த வருஷம் அவன் தலையில் சிரங்கு வந்துவிட்டது. முடிக்குள் சீழ் கட்டி, சொறிந்து சொறிந்து தலையணையெல்லாம் ரத்தம். டிஸ்பென்சரி ஐயா பார்த்துவிட்டு, முடியை எடுத்தால்தான் மருந்து பிடிக்கும், தாமதித்தால் விஷமாகிவிடும் என்று கண்டித்துச் சொன்னார். கொஞ்சம் தவணை கேட்டுக்கொண்டு, மறுநாளே பதுளைக்குப் போனேன்.

கடைவீதியில் கருவாடும் உப்பும் விற்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருக்கிறார், நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருடைய வண்டிகள் அந்தக் கரைக்குப் போய்வருகிறவை. பத்திரமான வண்டி ஒன்றில் இடம் கேட்கத்தான் போனேன். இடத்தை அடையாளம் சொன்னதும் அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

“தங்கச்சி, நீங்க செல்ற கட்டடம் இப்ப அங்க இல்ல. தூணெல்லாம் ஆத்துப் பாலத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. நம்மட வண்டியும் அதுக்கு மேலாலதான் வருது.”

மிருகங்கள் செதுக்கிய கல் என்ன ஆனது என்று கேட்டேன். யாரோ ஒரு துரை பங்களா வாசலில் பதிக்க ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்வி, எந்தப் பங்களா என்று தெரியாது என்றார். செங்கல் மேடையையும் காற்று மூடிவிட்டதாம். என் முகத்தைப் பார்த்து, யாரும் உறவுக்காரர் அங்கே இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு நேர்த்திக்கடன் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. மகனுக்கென்று கொஞ்சம் பேரீச்சம்பழம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

சாயந்தரம் மலையிலிருந்து இறங்கி வந்து கணவர் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, கல்லெல்லாம் போய்விட்டதாம் என்று சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. செம்பைக் கீழே வைத்தார்.

“தெரியும்” என்றார். “பாலத்துக்கு அந்தத் தூண எடுக்கச் சொல்லி எனக்குத்தான் மொத உத்தரவு வந்துச்சு. அவ போயி ஒரு மாசங்கூட ஆகல. கல்லு அசையாதுன்னு சொல்லி அங்க வச்சவன் நான். அதை நானே எப்படிப் புள்ள பேத்தெடுக்கச் சொல்வேன்? அதான் வேலைய விட்டேன். இன்னொருத்தன் வந்து எடுப்பான்னு தெரியும். நீ போயிப் பாத்துறக் கூடாதேன்னுதான் இத்தனை வருசம் தடுத்தேன்.”

அவருக்குக் காய்ச்சல் பயம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவேண்டுமா, அழுகை வரவேண்டுமா என்று தெரியவில்லை. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, போய் இறக்கினேன்.

மறுநாள் டிஸ்பென்சரி வாசலில் உட்காரவைத்து முடியை எடுத்தார்கள். மகன் அழவில்லை. கீழே விழுந்த முடியை அவனே பொறுக்கி என் மடியில் போட்டான். ஈரமும் ரத்தமுமாக இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்து, எலி எட்டாதபடி கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தலை ஆறிவருகிறது. அக்காவுக்கு எப்போது கொண்டுபோய்க் கொடுப்போம் என்று நாள்தோறும் கேட்கிறான்.

தான் மட்டும் போய் அந்தக் கடலில் முடியைப் போட்டுவிட்டு வருவதாகக் கணவர் சொல்கிறார். நேர்ந்தவள் போகாமல் எப்படித் தீரும் என்று நாத்தனார் கேட்கிறார். இந்த ஒன்றை மட்டும் அவர் கேலியாகக் கேட்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்து அம்மாவைக் கேட்டால், கல்லுக்குச் சொன்ன வாக்கு வாக்கே இல்லை என்பார். அப்படி நினைத்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவோ நிம்மதி. முடியவில்லை.

பத்திரிகையில் இதை வாசிக்கிற தாய்மாரிடமும் பெரியவர்களிடமும் கேட்கிறேன். ஓர் இடத்தில் சொன்ன சொல், அந்த இடத்திலேயே நிற்குமா, கல்லோடு கூடப் போய்விடுமா? கல்லோடு போயிருந்தால், நான் முடிச்சைக் கொண்டுபோக வேண்டியது அந்த ஆற்றுப் பாலத்துக்கு. இடத்தில் நிற்கிறதென்றால், அடையாளமில்லாத மணலுக்கு. மகனையும் கூட்டிப் போக வேண்டுமா, நான் மட்டும் போனால் போதுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பொத்துவில் கரையில் இருப்பவர்கள் யாராவது இதைப் பார்த்தால், இன்னொன்றும் கேட்கிறேன். அந்தச் செங்கல் மேடையின் ஓரம் எங்காவது மணலுக்கு வெளியே தெரிகிறதா? படி இருந்த பக்கம் கடலைப் பார்த்த பக்கம். அதைக் கண்டால், அதன் முன்னால் காலை மட்டும் வைக்காதீர்கள். இடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.